ஒரு வண்டுக்குப் பெயர் சூட்டுதல்

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஓரிரவு, எங்கள் விடுதித் தாழ்வாரத்து விளக்கின்கீழ் பெரிய வண்டொன்று வந்து விழுந்தது. உடலைக் காட்டிலும் நீண்ட இரு கொம்புகள். சாம்பல் நிற முதுகில் ஆங்காங்கே மஞ்சட் புள்ளிகள். கையில் எடுத்ததும் 'கிரீச், கிரீச்' என்று முறையிட்டது. இத்தகைய வண்டை நான் அதற்குமுன் கண்டதில்லை. நான் காணாததை உலகமே கண்டிராது என்று எண்ணுகிற வயது! இது புதிய இனமாகவே இருக்கவேண்டும், இதற்கு என் அம்மாச்சியின் பெயரை வைத்துவிடலாம் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டே ஒரு கண்ணாடிக் குடுவையில் அதை அடைத்து வைத்தேன்.

மறுநாட் காலை விலங்கியல் துறையில் அதைக் காட்டினேன். பேராசிரியர் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. "இதற்குப் பெயர் வைத்து இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன, தம்பி" என்றார். அது மாமரத் தண்டுத் துளைப்பான். 1775இல் சுவீடன் நாட்டுப் பூச்சியியல் அறிஞரான டி ஜீர் அதனை விவரித்துப் பெயரிட்டுவிட்டார். இன்று அதன் பெயர் பட்டோசெரா ரூஃபோமாகுலாட்டா. இதன் புழுதான் மாமரத்தின் தண்டைக் குடைந்து உண்டு, ஓங்கி வளர்ந்த மரத்தையும் பட்டுப்போகச் செய்கிறது. அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் நின்ற மாமரம் அவ்வாறு பட்டுப்போனது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பூச்சிக்கா அவர் பெயரைச் சூட்ட இருந்தேன்!

அன்றுதான் என் மனத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. ஒரு வண்டு 'புதியது' என்பதை யார், எவ்வாறு முடிவு செய்கிறார்கள்?

நெடுங்கொம்பு வண்டுகளின் குடும்பத்துக்குச் செராம்பிசிடே என்பது அறிவியற் பெயர். நிம்ஃபுகளின் சினத்துக்கு ஆளாகி வண்டாக மாற்றப்பட்ட ஓர் இடையனின் கதை கிரேக்கப் புராணத்தில் உண்டு. அவன் பெயரிலிருந்து வந்ததே இது. இக்குடும்பத்தில் இதுவரை 35,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். கையில் எடுத்ததும் இவற்றில் பல ஒலியெழுப்பும். அது வாயினின்று வருவதன்று. முன்மார்பின் விளிம்பை அடுத்த மார்புக் கண்டத்தின்மீது உரசுவதால் எழுவது.

இவ்வளவு இனங்களுக்கு அப்பாலும் புதியன வந்துகொண்டுதான் இருக்கின்றன. அண்மையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கோல்டு கோஸ்ட் நகருக்குப் பின்னே உள்ள மலைக்காட்டில் பின்னா புர்ரா என்ற தங்குமிடம் உண்டு. 2019 செப்டம்பரில் மூண்ட காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதி எரிந்துபோயிற்று. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு மாணவரான ஜேம்ஸ் ட்வீட் அங்கே கூடாரமடித்துத் தங்கியிருந்தார். ஒரு நாள் காலை, லொமாண்ட்ரா என்னும் புல் போன்ற செடியின் இலையில் ஏதோ வெண்மையாகத் தெரிந்தது. பறவையின் எச்சம் என்றே முதலில் நினைத்தாராம். மறுமுறை பார்த்தபோதுதான் அது ஒரு வண்டு என்று தெரிந்தது. 9.7 மில்லிமீட்டர் நீளம். செம்மையும் கருமையும் கலந்த உடல். உடலெங்கும் சிலிர்த்து நிற்கும் நீண்ட வெண்மயிர்.

அவரும் என்னைப் போலவே 'இதை நான் கண்டதில்லையே' என்றுதான் எண்ணியிருப்பார். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. நூல்களிலும் ஆய்வுத்தாள்களிலும் தேடினார். கான்பெராவில் உள்ள தேசியப் பூச்சித் தொகுப்பைச் சேர்ந்த நெடுங்கொம்பு வண்டு வல்லுநர் ஆடம் ஸ்லிபின்ஸ்கியின் துணையை நாடினார். இது புதிய இனம் மட்டுமன்று, அறியப்பட்ட எந்தப் பேரினத்திலும் அடங்காத ஒன்று என்று தெரியவந்தது. 2024இல் அதன் விவரணையை வெளியிட்டனர். பெயர் எக்ஸ்காஸ்ட்ரா அல்போபிலோசா. 'எக்ஸ் காஸ்ட்ரா' என்றால் இலத்தீனில் 'பாசறையிலிருந்து' என்று பொருள். கூடார வெளியில் கிடைத்ததால் அப்பெயர். பின்னது 'வெண்மயிருடையது' எனப் பொருள்படும். காளானால் கொல்லப்பட்ட பூச்சியென்று மயங்கிப் பறவைகள் இதை விட்டுவிடக்கூடும் என்று அவர்கள் கருதுகிறார்கள். இது ஊகமே, உயிரோடு நடமாடும் இன்னும் சில வண்டுகளைப் பார்த்தாலன்றி உறுதி கூற இயலாது. விவரணை வெளிவந்தபோது அவர்கள் கையில் இருந்ததோ ஒரே ஒரு வண்டு!

ஒரே ஒரு வண்டை வைத்து ஓர் இனத்தை நிறுவலாமா என்று சிலர் கேட்கலாம். நானும் பேராசிரியரிடம் இதைத்தான் கேட்டேன். நிறுவலாம், ஆனால் எச்சரிக்கை வேண்டும் என்றார் அவர். இவ்வண்டுகளில் பலவற்றில் ஆணின் கொம்பு நீண்டும் பெண்ணினது குறுகியும் இருக்கும். ஒரே இனத்தில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று அதன் பாதியளவாகவும் இருப்பதுண்டு. புழுப்பருவத்தில் கிடைத்த மரத்தின் தரத்தைப் பொறுத்தது அது. இதனை உணராமல் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர் என்று முன்னோர் சூட்டிய பெயர்கள் ஏராளம். பிற்காலத்தில் உண்மை தெரிந்ததும், முதலில் வந்த பெயர் நிலைக்கும், ஏனையவை தள்ளப்படும். இதற்கு முந்துரிமை விதி என்று பெயர். சிலந்திகள் நீங்கலாக விலங்குகள் அனைத்துக்கும் லின்னேயஸின் நூல் பத்தாம் பதிப்பாக வந்த 1758ஆம் ஆண்டிலிருந்து இக்கணக்கு தொடங்குகிறது.

விதிகளை வகுப்பது சர்வதேச விலங்கியற் பெயரிடல் ஆணையம். அவ்விதிகளில் என்னை வியக்கவைத்தவை சிலவே. பெயர் அச்சில் வரவேண்டும். சீட்டில் எழுதி ஒட்டினாலோ மேடையில் அறிவித்தாலோ அது பெயராகாது. 2012 முதல் மின்வழி வெளியீடும் ஏற்கப்படுகிறது. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்கவேண்டும். இனப்பெயர் பெயரடையானால், பேரினப் பெயரின் பாலோடு ஒத்திருக்க வேண்டும். எக்ஸ்காஸ்ட்ரா பெண்பால், ஆகவே 'அல்போபிலோசா'. பால் வழுவைப் பற்றித் தமிழாசிரியரிடம் குட்டுப்பட்ட நமக்கு இது எளிதில் விளங்கும். மற்றொன்று, அடைப்புக்குறி. டி ஜீர் நம் மாமர வண்டைச் செராம்பிக்ஸ் என்ற பேரினத்தில் வைத்தார். பின்னர் அது பட்டோசெராவுக்கு மாற்றப்பட்டது. அதனால்தான் அவர் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள். பாடநூலில் அக்குறியைப் பார்த்து அச்சுப்பிழை என்று எண்ணியவன் நான்.

எல்லாவற்றினும் முக்கியமானது மூலமாதிரி. எந்த ஒரு வண்டைக் கொண்டு விவரணை எழுதப்பட்டதோ அதனைக் குண்டூசியில் குத்திப் பாதுகாக்க வேண்டும். 1999க்குப் பிறகு வரும் எந்தப் புதிய இனப்பெயருக்கும் மூலமாதிரியைச் சுட்டிக்காட்டியே ஆகவேண்டும். பெயர் நூலில் இருந்தாலும் அது கட்டுண்டிருப்பது அந்தக் காய்ந்த உடலோடுதான். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தால், எழுதியவரைக் கேட்க முடியாது, வண்டைக் கேட்கலாம்.

பெயரிட்டு என்ன பயன் என்போரும் உண்டு. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மேப்பிள் மரங்களை ஒரு நெடுங்கொம்பு வண்டு துளைப்பது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து மரப்பெட்டிகளின் வழியே வந்தது அது. அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ருஷ்யரான மோட்சுல்ஸ்கி பெயரிட்டிருந்தார். பெயர் தெரிந்ததும், அது எந்நாட்டது, எம்மரங்களை உண்ணும் என்று சீனத்து ஆய்வுகளைத் தேடிப் படிக்க வழி பிறந்தது. பெயரற்ற பூச்சியாயின் எதைத் தேடுவது?

இந்தியாவின் நெடுங்கொம்பு வண்டுகளைப் பற்றிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கேகன் என்ற அயர்லாந்துக்காரர் 1906இல் ஒரு தொகுதி எழுதினார். பேராசிரியர் அதை எனக்குக் காட்டினார். இலங்கை, பர்மா வண்டுகளும் அதில் உள்ளன. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் துறையின் பழைய பூச்சிப் பெட்டிகளை ஒரு வாரம் ஆராய்ந்தேன். ஒரு பெட்டியில் பழுப்பு நிறச் சிறு வண்டொன்று இருந்தது. கால் ஒன்று இல்லை. கொம்புகள் முழுமையாக இருந்தன. கேகனின் அட்டவணையில் அதனோடு முற்றும் பொருந்துவது எதையும் என்னால் காண முடியவில்லை. என் அறியாமையே அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் குண்டூசியின் கீழே சீட்டு இல்லை. எந்த ஊர், எந்த மாதம், எந்த மரம், பிடித்தவர் யார் என்று எதுவும் தெரியாது. எவரோ ஒரு மாணவர், தேர்வுக்கான மதிப்பெண்ணுக்காகப் பிடித்துக் குத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது புதியதே ஆயினும், அடுத்ததைத் தேட எங்கே செல்வது?

பேராசிரியர் அதை நெடுநேரம் கைவில்லையில் பார்த்தார். பிறகு பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

என் மாமர வண்டு இப்போது அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழே, கறுப்பு மையில், சிறிய எழுத்தில் நானே எழுதிய சீட்டு: விடுதித் தாழ்வாரம், விளக்கொளியில், இரவு 9 மணி, நாள், மாதம், ஆண்டு, என் பெயர்.