தாகம் வரும் முன்னே தண்ணீர்

கடலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். ஆனால் ஒரு வாய்கூடக் குடிக்க முடியாது. படகில் கொண்டுபோன தண்ணீர்தான் உயிரைக் காக்கும்.

மீன்பிடிக்கப் போகிறவர்கள் என்னென்ன எடுத்து வைக்கிறார்கள்? வலை, கயிறு, டீசல், ஐஸ், சாப்பாடு. டீசலை லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுகிறார்கள். ஐஸை எண்ணி ஏற்றுகிறார்கள். தண்ணீரை மட்டும் பலர் அளப்பதில்லை. கைக்குக் கிடைத்த பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். கோடையில் இது ஆபத்து.

கோடையில் கடலுக்குப் போவது யார்?

மேற்கு வங்காளம், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு, புதுச்சேரி ஆகியவை கிழக்குக் கடற்கரையில் உள்ளன. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக இந்தத் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும். இயந்திரம் இல்லாத பாரம்பரியப் படகுகளுக்குத் தடை இல்லை.

ஆகவே, கடும் வெயிலில் இங்கே கடலுக்குப் போகிறவர்கள் யார்? கூரை இல்லாத சிறு படகில் போகிறவர்கள். உழைப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். நிழல் இல்லாததும் அவர்களுக்குத்தான்.

மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் குஜராத் முதல் கேரளம் வரை ஏப்ரல், மே மாத வெயிலில் பெரிய படகுகளும் கடலில் இருக்கின்றன. ஒடிசாவின் சிலிகா ஏரியிலும், நாடெங்கும் உள்ள அணைகளிலும் குளங்களிலும் இதே வெயிலில்தான் மீன் பிடிக்கிறார்கள்.

வெயில் உயிரைப் பறிக்குமா?

பறிக்கும். 1998-ஆம் ஆண்டு கோடையில் ஒடிசாவில் 2,000 பேருக்கு மேல் வெயிலால் இறந்தார்கள். 2015 மே மாதத்தில் ஆந்திரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியில் நின்று உழைப்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

"நாங்கள் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களை வெயில் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்பார்கள். பழகிய உடல் வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பழகிய உடலுக்கும் தண்ணீர் வேண்டும். வெயில் பழகிவிடும். தண்ணீர் இல்லாமல் இருக்க எந்த உடலும் பழகாது.

உடல் ஏன் வியர்க்கிறது?

நம் உடலின் சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். வெயிலும் உழைப்பும் இந்தச் சூட்டைக் கூட்டும். உடனே உடல் வியர்வையை வெளியே விடுகிறது. வியர்வை காயும்போது உடல் குளிர்கிறது. மண்பானையில் தண்ணீர் கசிந்து காய்வதால்தானே உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது? உடலும் அப்படித்தான்.

கடற்கரையில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் துணி சீக்கிரம் காயாது. வியர்வையும் காயாது. அது வழிந்து ஓடும். தண்ணீர் வீணாகும், ஆனால் உடல் குளிராது.

அதனால்தான் வானிலை ஆய்வுத் துறை கடற்கரைக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. சமவெளியில் 40 டிகிரி வந்தால்தான் வெப்ப அலையைப் பற்றிப் பேச்சு. கடற்கரையில் 37 டிகிரியே போதும். அதோடு, அந்த ஊரின் வழக்கமான சூட்டைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

நடுக்கடலில் காற்று வீசும்போது வேறு சிக்கல். முகத்தில் காற்று படுவதால் சூடு தெரியாது. ஆனால் மேலே வெயில் அடிக்கிறது. கீழே தண்ணீரில் பட்ட வெளிச்சமும் முகத்தில் அடிக்கிறது. உடலில் தண்ணீர் குறைவது தெரியாமலே குறைந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

தாகம் தாமதமாக வரும் தூதன். தாகம் எடுக்கும்போது உடலில் ஏற்கெனவே தண்ணீர் குறையத் தொடங்கியிருக்கும். ஆகவே தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

வெயிலில் உழைக்கும்போது 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் ஆகும். மொத்தமாக ஒரே நேரத்தில் குடிக்க வேண்டாம். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் போக வேண்டாம். அளவுக்கு மீறினால் உடலில் உப்பு நீர்த்துப்போகும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம்.

படகில் 4 பேர். கடலில் 6 மணி நேரம் வேலை. ஒருவருக்கு மணிக்கு 1 லிட்டர்.
4 × 6 = 24 லிட்டர்.

காற்று மாறினால் என்ன செய்வது? படகு பழுதானால்? வலை சிக்கினால்? அதற்கும் மிச்சம் வேண்டும். இன்னொரு 20 லிட்டர் கேன் இருந்தால் நல்லது. அதை அவசரத்துக்கு மட்டும் திறக்க வேண்டும்.

தண்ணீர் போதுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் போல வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும். அடர்ந்த மஞ்சளாகவோ, டிக்காக்‌ஷன் போலவோ இருந்தால் தண்ணீர் போதவில்லை. வெகு நேரம் சிறுநீரே வரவில்லை என்றால் ஆபத்து நெருங்கிவிட்டது.

டீசல், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து வைத்த கேனில் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் கூடாது. குடிதண்ணீர் கேன்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி நிழலில் வையுங்கள். மீனுக்குப் போடும் ஐஸைத் தண்ணீரில் போட்டுக் குடிக்காதீர்கள். அது குடிதண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது.

கடல் தண்ணீரைக் குடித்தால் என்ன?

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதாவது ஏறக்குறைய 6 டீஸ்பூன். இந்த உப்பை உடல் சிறுநீராக வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவாகும். குடித்தது ஒரு லிட்டர், போனது அதைவிட அதிகம். வரவைவிடச் செலவு கூடினால் கடன்தானே? தாகத்துக்குக் கடல் தண்ணீர் குடிப்பவரின் உடல் இன்னும் வற்றும்.

ஆனால் கடல் தண்ணீருக்கு வேறு பயன் உண்டு. தலையிலும் கழுத்திலும் கைகளிலும் ஊற்றிக்கொள்ளலாம். துண்டை நனைத்துக் கழுத்தில் போடலாம். வாய்க்கு ஆகாத தண்ணீர் மேலுக்கு நல்லது.

உப்பும் சர்க்கரையும்

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. பல மணி நேரம் வியர்த்தால் உப்பையும் ஈடுகட்ட வேண்டும். கஞ்சியும் மோரும் இதற்கு உதவும். நம் நாட்டுக் கரையோர மக்கள் இதை வெகு காலமாக அறிவார்கள். தமிழ்நாட்டில் நீராகாரம். ஆந்திரத்தில் சத்தி அன்னம். ஒடிசாவில் பகாளா. வங்காளத்தில் பாந்தா பாத். கேரளத்தில் பழங்கஞ்சி. பெயர்தான் வேறு. எல்லாமே தண்ணீர் ஊற்றி வைத்த சோறுதான். கொங்கண் கரையில் கோக்கம் என்ற புளிப்புப் பழத்தில் சோல் கடி செய்து குடிக்கிறார்கள்.

உப்பு சர்க்கரைக் கரைசலையும் வைத்துக்கொள்ளலாம். மருந்துக் கடைகளிலும் அரசு சுகாதார நிலையங்களிலும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும்.

பொட்டலம் இல்லையா? வீட்டிலேயே செய்யலாம்:
சுத்தமான தண்ணீர் – 1 லிட்டர்
சர்க்கரை – தலை தட்டி 6 டீஸ்பூன்
உப்பு – தலை தட்டி அரை டீஸ்பூன்
உப்பு ஒருபோதும் கூடக் கூடாது. கரைத்ததை அன்றே குடித்துவிட வேண்டும்.

இந்தக் கரைசலின் பெருமையை நாடு கண்டது 1971-இல். வங்கதேசப் போரினால் மக்கள் அகதிகளாக மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அங்கே பணி செய்த டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் 2022-இல் மறைந்தார். 2023-இல் அரசு அவருக்கு பத்ம விபூஷண் விருது அளித்தது.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், இதயநோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாராயமும் பிராந்தியும் களைப்பைப் போக்காது. மது குடித்தால் சிறுநீர் அதிகம் போகும். உடல் வற்றும். நிதானமும் தவறும். கடலுக்குப் போகும்போதும், போவதற்கு முந்திய இரவிலும் மது கூடாது.

நேரமும் நிழலும்

பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயில் மிகக் கடுமை. விடியும் முன்னே போய், உச்சி வெயிலுக்கு முன் கரை திரும்பப் பாருங்கள். அது முடியாவிட்டால் பழைய பாயையோ தார்ப்பாயையோ கட்டி நிழல் உண்டாக்குங்கள். முறை வைத்து ஒவ்வொருவராக நிழலில் உட்காருங்கள். அகலமான ஓலைத் தொப்பி நல்லது. முழுக்கை வைத்த, தளர்ந்த, வெளிர் நிறப் பருத்திச் சட்டை போடுங்கள். சட்டையைக் கழற்றினால் வெயில் நேரே தோலில் படும்.

புறப்படும் முன் வானிலைச் செய்தி கேளுங்கள். வெப்ப அலைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறார்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமை. அன்று கரையில் வலை பின்னலாம். கோடையிலும் இடி மழையும் புயலும் திடீரென்று வரும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மயங்கி விழுந்தால் என்ன செய்வது?

முதலில் கை கால்களில் குரக்கு இழுக்கும். தலை வலிக்கும். வாந்தி வரும். தலை சுற்றும். இது முதல் எச்சரிக்கை. வேலையை நிறுத்துங்கள். நிழலில் உட்கார்ந்து கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

அதையும் மீறினால் பேச்சு குழறும். சொன்னது புரியாது. நடை தள்ளாடும். சிலர் காரணமில்லாமல் சண்டை போடுவார்கள். உடல் நெருப்பாகக் கொதிக்கும். வலிப்போ மயக்கமோ வரும். இதுதான் வெயில் தாக்கு. உடல் சூடு 40 டிகிரியைத் தொட்டிருக்கும். இதில் தாமதம் செய்தால் உயிர் போகும். "குடித்திருக்கிறான்" என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். உடனே இவற்றைச் செய்யுங்கள்:

1. நிழலில் படுக்க வையுங்கள். சட்டையைத் தளர்த்துங்கள்.
2. உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றுங்கள். கடல் தண்ணீரே போதும். ஊற்றிக்கொண்டே விசிறுங்கள்.
3. மீன் ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள்.
4. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலில் போய்விடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.
5. படகைக் கரைக்குத் திருப்புங்கள். கடலில் உதவிக்குக் கடலோரக் காவல் படையின் எண் 1554. கரையில் ஆம்புலன்ஸ் எண் 108.

"சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும்" என்று சிலர் தடுப்பார்கள். அது தவறு. இது சாதாரணக் காய்ச்சல் அல்ல. காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. சீக்கிரம் குளிரவைப்பதுதான் உயிர் காக்கும் வைத்தியம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் நிறுத்தாமல் குளிரவையுங்கள்.

கரையில் உழைக்கும் பெண்கள்

வெயில் படகில் மட்டும் அடிப்பதில்லை. மீன் தரம் பிரிப்பது, கருவாடு காயவைப்பது, கூடை சுமந்து விற்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. கொதிக்கும் மணலில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

அவர்களில் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ஏன்? ஒதுங்க இடம் இல்லை. "தண்ணீர் குடித்தால் எங்கே போவது?" என்ற கவலை. இதனால் நீர்க்கடுப்பு வருகிறது. சிறுநீர்ப் பாதையில் கிருமி சேர்கிறது. சிறுநீரகத்தில் கல் உண்டாகிறது. கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து.

"நிறையத் தண்ணீர் குடி" என்று பெண்களிடம் சொன்னால் மட்டும் போதாது. மீன் இறக்கும் இடத்தில் கழிப்பறை வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் வேண்டும். நிழலுக்குக் கொட்டகை வேண்டும். இதைத் தனியாகக் கேட்டால் காதில் விழாது. மீனவர் கூட்டுறவுச் சங்கமும் மகளிர் குழுவும் சேர்ந்து மனு எழுத வேண்டும். கிராம சபையில் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த கை இதற்குத்தான் உதவும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் ஒரு படகில் எத்தனை பேர் போகிறார்கள்? எத்தனை மணி நேரம்? எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.
2. இப்போது எவ்வளவு கொண்டுபோகிறார்கள்? எவ்வளவு குறைகிறது?
3. மீன் இறக்கும் இடத்தில் நிழல், குடிதண்ணீர், கழிப்பறை உண்டா? இல்லாததைப் பட்டியல் எழுதுங்கள். யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.
4. 1554, 108. இந்த இரண்டு எண்களையும் படகின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.