அந்தப் பழைய மருந்துச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள்

மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு எத்தனை நாளைக்குச் செல்லும்? ஐந்து நாள் என்றோ ஏழு நாள் என்றோதான் அதில் எழுதியிருக்கும். ஆனால் எங்கள் செஞ்சியில் அந்தச் சீட்டு மடிந்து, ஓரம் கிழிந்து, பிளாஸ்டிக் கவருக்குள் போய் இரண்டு வருஷம்கூட ஓடும். அதற்கப்புறம் சீட்டே தேவையில்லை. "அந்த வலி மாத்திரை ஒரு அட்டை குடு தம்பி" என்றால் போதும், மெடிக்கல் கடைத் தம்பி எடுத்து வைத்து விடுவார். மூட்டு வலிக்கு இங்கே குறைச்சலா என்ன! குனிந்து நாற்று நடுகிறோம், மணிக்கணக்காகக் குந்தி உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிறோம், அமாவாசை ராத்திரி மேல்மலையனூரில் கால் கடுக்க நிற்கிறோம். மறுநாள் விடிந்ததும் கை மாத்திரை டப்பாவைத்தான் தேடும்.

மருந்தால் சிறுநீரகம் கெட்டது என்றதும் சகோதரிகளுக்கு கோல்ட்ரிஃப் இருமல் சிரப் நினைவுக்கு வரலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த சிரப்பைக் குடித்து, 2025ல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீர் நின்று இறந்து போனார்கள். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் 48.6 சதவீதம் இருந்ததைக் கண்டுபிடித்தது நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான். அது விஷம் கலந்த மருந்து. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. நல்ல கம்பெனி, நல்ல மருந்து, டாக்டர் கையால் எழுதியது, அதனாலேயே யாரும் சந்தேகப்படாதது. அதைப் பற்றித்தான்.

உங்கள் வீட்டு வலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரோபன், நாப்ராக்சன் என்று ஏதாவது ஒரு பெயர் பொடி எழுத்தில் இருக்கும். எல்லாம் ஒரே குடும்பம். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் ஒரு பொருள் சுரக்காமல் இவை தடுக்கின்றன, வலி அடங்குகிறது. ஆனால் அதே பொருள் இன்னொரு வேலையும் பார்க்கிறது. உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி விடாமல் விரித்துப் பிடித்திருப்பது அதுதான். மாத்திரை போட்டால் அந்தப் பிடியும் விட்டுப் போகிறது. ஏரியில் தண்ணீர் குறைந்த நேரம் பார்த்து மடையையும் அடைத்த மாதிரி. இளவயது, நல்ல உடம்பு, நாலைந்து நாள் மாத்திரை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வயதானவர், சர்க்கரை, பிரஷர் உள்ளவர், சித்திரை வெயிலில் களை எடுப்பவர், வாந்தி பேதியில் கிடப்பவர் என்றால் கதை வேறு.

(இதே டைக்ளோபினாக்கை மாட்டுக்கு வலி ஊசியாகப் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அதனால்தான் 2006ல் நம் நாட்டில் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். பறவைக்கு விஷம், நமக்கு அளவோடு மருந்து.)

எங்கள் தெருவில் ஓர் அக்கா, வயது 54. ஓரிடத்தில் பிரஷருக்கு மாத்திரையும், கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிறவர். முழங்கால் வலிக்கு வேறொரு டாக்டரிடம் போனார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று அவர் கேட்கவில்லை. ஐந்து நாள் மாத்திரையை அக்கா எட்டு மாதம் சாப்பிட்டார். முகம் உப்பியது, சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டல். கேஸ் என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் குடித்தார். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியாட்டினின் 4.2! நம் போன்ற பெண்களுக்கு அது ஏறக்குறைய ஒன்றுக்குள் இருக்க வேண்டும். புதுச்சேரியில் பெரிய டாக்டர் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். வலி மாத்திரையை எடுத்துத் தனியே வைத்தார். இரண்டு மாதத்தில் 1.6க்கு இறங்கியது. அதற்குக் கீழே இறங்கவில்லை. டயாலிசிஸ் வரை போகாததே அங்காளம்மன் புண்ணியம் என்கிறார் அக்கா.

பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை, இந்த மூன்றும் ஒரே வயிற்றில் சேர்வதுதான் ஆபத்து. பெயர் 'பிரில்' என்றோ 'சார்டன்' என்றோ முடிகிற பிரஷர் மாத்திரை உங்களிடம் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடாதீர்கள். இதைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடப் போகிறீர்கள்! கூடவே கூடாது. சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பதே கட்டுப்படாத சர்க்கரையும் பிரஷரும்தான்.

இது நம் ஊர்ப் பெண்களின் அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆஸ்திரேலியாவில் பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்று தலைவலிப் பொடிகள் இருந்தன. ஆஸ்பிரின், பினாசிட்டின், காஃபின் கலந்தவை. வேலை அலுப்பா, ஒரு கப் டீ, ஒரு பொடி, கொஞ்சம் படுத்து எழுந்திரு என்பது அங்கே வழக்கமாகவே ஆகிவிட்டது. குடும்பப் பெண்களைக் குறிவைத்தே விளம்பரம் செய்தார்கள். தினமும் பொடி போட்ட பெண்கள் பலர் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். காரணம் அந்தப் பொடிதான் என்று 1960களில் எடுத்துச் சொல்லிப் போராடியவர் மெல்போர்னில் இருந்த பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் என்ற பெண் டாக்டர். 1979ல் அந்த மாதிரிக் கலவைப் பொடிகளைச் சீட்டில்லாமல் விற்கக் கட்டுப்பாடு வந்தது, நோயும் குறைந்தது. மருந்துதான் வேறு, பழக்கம் நம்முடையதுதான். வலியோடு வேலையை முடிக்க வேண்டும், வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது.

வலியைப் பொறுத்துக் கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தேவைப்பட்டால் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்கு இவ்வளவு தொல்லை தராது, ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். உப்பு ஒத்தடம், மேலே தடவும் மருந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கித் தொடைக்குப் பலம் தரும் பயிற்சி, இவற்றால் அக்காவுக்குப் பாதி வலி குறைந்திருக்கிறது. சந்தையில் விற்கும் பெயரில்லாத மூட்டுவலிப் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "இது எத்தனை நாளைக்கு சார்?" என்று கேளுங்கள். வாந்தி பேதி வந்த அன்று வலி மாத்திரை போடாதீர்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும், சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பாதி கெடும் வரை உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம், கிரியாட்டினின்கூட மெதுவாகத்தான் ஏறும். அதனால் இரண்டு சோதனையும் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது, காலையில் சீக்கிரம் போனால் கூட்டமும் கம்மி.

— ஒரு வாசகி, செஞ்சி