வெல்வோம் என்று பந்தயம் கட்டினாலும் குற்றமே

2023 நவம்பர் 19 அன்று ஹமில்ட்டனில் நடந்த கிரே கிண்ண இறுதியாட்டத்தில் வினிப்பெக் அணியை 28-24 என்ற கணக்கில் வீழ்த்தி, மொன்றியல் அலுவெட்ஸ் அணி கனடிய ஃபுட்பால் லீக்கின் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த அணியின் தற்காப்பு வரிசையில் ஆடியவர்களில் ஒருவர் ஷான் லெமன். ஐந்து மாதங்கள் கழித்து, 2024 ஏப்ரல் 24 அன்று, லீக் அவரைக் காலவரையறையின்றி இடைநிறுத்தியது. 2021இல் கல்கரி அணிக்காக ஆடிய காலத்தில் அவர் லீக்கின் ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டினார், அவற்றுள் ஒன்று அவரே களமிறங்கிய ஆட்டம் என்று விசாரணை கண்டது. ஆட்டம் எதிலும் முடிவு கெடுக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்பதையும் லீக்கே அறிவித்தது. வீரர்கள் சங்கம் மேன்முறையீடு செய்தது. முடிவு வரும்வரை அவர் மீண்டும் மொன்றியல் சீருடையில் ஆடினார். ஆகஸ்டில் மத்தியஸ்தர் தண்டனையை உறுதிப்படுத்தியதும் அந்த ஆட்டமும் நின்றது.

ஆட்டம் எதுவும் விலைபோகவில்லை என்றால் தண்டனை எதற்கு? பலர் மனத்திலும் எழக்கூடிய நியாயமான கேள்வி இது. கனடாவில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடக்கும் வியாபாரம். கியூபெக்கில் அதை மாகாண அரசின் நிறுவனமான லோட்டோ-கியூபெக்கே விற்கிறது. பார்வையாளர் செய்தால் பொழுதுபோக்கு, வீரர் செய்தால் குற்றமா? ஆம், குற்றமே. தன் அணி வெல்லும் என்று கட்டினாலும் குற்றம், ஆட்டத்தில் எதுவும் மாறவில்லை என்றாலும் குற்றம். அதே வேளை, அந்தத் தண்டனைக்கு முழு நியாயம் கிடைக்க வேண்டுமானால், பந்தயப் பணத்தில் பங்கு பெறும் லீக்குகளும் தங்கள் பொறுப்பை ஏற்க வேண்டும்.

தகவலும் அதிகாரமும்

சூதாடுவது பாவம் என்ற எண்ணத்தில் பிறந்த தடை அல்ல இது. பங்குச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் இயக்குநர், வெளியே வராத கணக்கைப் பார்த்துவிட்டுத் தன் நிறுவனப் பங்குகளை வாங்கினால் எப்படிக் குற்றமோ, அப்படித்தான் இதுவும். யாருக்குத் தசை பிடித்திருக்கிறது, யார் அரைகுறை உடல்நிலையோடு களமிறங்கப் போகிறார், பயிற்சியாளர் யாரை வெளியே உட்கார வைக்கப் போகிறார் என்பதெல்லாம் வீரருக்கு முன்கூட்டியே தெரியும். பந்தயச் சந்தையில் எதிர்ப்பக்கம் பணம் போட்டவருக்கு அது தெரியாது. இயக்குநரை மிஞ்சி இன்னொன்றும் வீரரிடம் உண்டு: முடிவைத் தன் உடலாலேயே மாற்றிவிடக்கூடிய வாய்ப்பு. ஓர் அடி தாமதமாக ஓடினால் போதும், ஒரு பிடியைத் தவறவிட்டால் போதும். அது தற்செயலா திட்டமா என்று எந்த ஒளிப்பதிவும் காட்டாது.

கனடாவின் பழைய சட்டம் இந்த ஆபத்துக்கு ஓரளவு அணை போட்டிருந்தது. 2021 ஆகஸ்ட் 27 வரை, ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவின் மீது மட்டும் பந்தயம் விற்கக் குற்றவியல் சட்டம் இடம் தரவில்லை. பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் கூட்டுப் பந்தயத்தை மட்டுமே மாகாணங்கள் விற்கலாம். எல்லா முடிவுகளும் சரியாக அமைந்தால்தான் பணம். ஓர் ஆட்டத்தை மட்டும் கெடுத்தவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை. சி-218 என்ற மசோதா அந்தத் தடையை நீக்கியது. லெமன் பந்தயம் கட்டியதாகக் கண்டறியப்பட்டதும் அதே 2021இல்தான். அணை நீங்கிய பிறகு வீரர் மீதான தடை முன்னைவிட அவசியமாகிறது.

வெல்லத்தானே கட்டினார்?

முதல் ஆட்சேபம் இதுதான்: தன் அணி வெல்லும் என்று கட்டுபவர் இன்னும் மூர்க்கமாகத்தானே ஆடுவார், அதில் யாருக்கு நட்டம்? இந்த வாதத்தின் முகமாக இருந்தவர் பேஸ்பால் வீரர் பீட் ரோஸ். மொன்றியலுக்கு அவர் அந்நியர் அல்லர். 1984 ஏப்ரல் 13 அன்று, இங்குள்ள ஒலிம்பிக் அரங்கில், மொன்றியல் எக்ஸ்போஸ் சீருடையில்தான் அவர் தன் 4,000ஆவது ‘ஹிட்’டை அடித்தார். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்குத் திரும்பி அதன் மேலாளரானார். 1987இல் மட்டும் தான் நடத்திய அணியின் 52 ஆட்டங்கள் மீது அவர் பந்தயம் கட்டினார் என்று ஜான் டௌட் தலைமையிலான விசாரணை கண்டது. தோற்கும் என்று கட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆயினும் 1989 ஆகஸ்டில் அவர் நிரந்தரமாக நீக்கப்பட்டார். பதினைந்து ஆண்டுகள் மறுத்துவந்தவர் 2004இல்தான் ஒப்புக்கொண்டார். அவர் இறந்த பின், 2025 மே மாதத்தில், அவர் பெயர் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

வெல்வதற்குக் கட்டிய பந்தயத்தில் தீங்கு எங்கே? பணம் கட்டிய நாளில் மேலாளர், சோர்ந்துபோன பந்துவீச்சாளரை இன்னும் ஒரு சுற்று நிறுத்தி வைக்கத் துணிவார். மறுநாள் ஆட்டத்துக்கும் அந்த இளைஞனின் தோளுக்கும் அதன் விலை போய்ச் சேரும். தினமும் கட்டுபவர் ஒருநாள் கட்டாமல் விட்டால், அதுவே பந்தயத் தரகரான புக்கிக்கு ஒரு செய்தி: இன்று இவருக்கே தன் அணி மீது நம்பிக்கை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன். தோற்றவர் புக்கியிடம் கடன்படுகிறார். கடன் கொடுத்தவர் காசுக்குப் பதிலாக வேறொன்றைக் கேட்கத் தொடங்குகிறார்.

தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த வழக்கும் இதையே சொல்கிறது. 2013 ஐ.பி.எல். கிரிக்கெட் சூதாட்ட விவகாரத்தில் சிக்கிய குருநாத் மெய்யப்பன் வீரர் அல்லர். ஆனால் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உள்வட்டத்தில் இருந்தவர். அவர் பந்தயம் கட்டியதை, விவகாரத்தை விசாரித்த முட்கல் குழு உறுதிசெய்தது. 2015 ஜூலை 14 அன்று நீதிபதி லோதா குழு அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. சென்னை அணியும், அதே விவகாரத்தில் சிக்கிய ராஜஸ்தான் அணியும் இரண்டு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டன. பந்தயத்தோடு தொடர்பே இல்லாத வீரர்கள் வேறு அணிகளுக்குப் போனார்கள். சேப்பாக்கத்து ரசிகர்கள் இரண்டு பருவங்கள் தங்கள் அணி இல்லாமல் இருந்தார்கள். உள்ளே இருக்கும் ஒருவர் கட்டும் பந்தயத்தின் செலவு அவரோடு நிற்பதில்லை. இதே லோதா குழு 2016 ஜனவரியில் கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. அப்போதும் வீரர்களையும் நிர்வாகிகளையும் பொதுமக்களோடு சேர்த்து வைக்கவில்லை. அவர்கள் தங்கள் சொத்து விவரத்தைத் தர வேண்டும் என்றது. பந்தயம் சட்டபூர்வமாவதும் வீரர் விலகி நிற்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு அதுவே சான்று.

நிரூபணத்துக்குக் காத்திருந்தால்

இரண்டாவது ஆட்சேபம் சட்டம் அறிந்தவர்களுடையது: ஆட்டம் கெட்டது என்று நிரூபித்த பிறகு தண்டியுங்கள். இதற்கான பதிலும் மொன்றியலிலேயே இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தலைமையகம் இந்த நகரத்தில்தான் உள்ளது. அதன் விதிப்படி, வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தாலே விதிமீறல். அதனால் அவர் வென்றாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எண்ணம் என்ன, எவ்வளவு கவனக்குறைவு என்பவை தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது வரும். பந்தயத்துக்கும் இந்த அணுகுமுறை பொருந்தும். மனத்துக்குள் நடப்பதை அளக்க முடியாது, வங்கிக் கணக்கில் நடப்பதை அளக்கலாம்.

நிரூபணத்துக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியின் ஜான்ட்டே போர்ட்டர் வழக்கு காட்டியது. 2024 மார்ச் 20 அன்று சேக்ரமெண்டோ அணிக்கு எதிரான கூடைப்பந்து ஆட்டத்தில், உடல்நிலை சரியில்லை என்று சொல்லி மூன்று நிமிடங்களில் அவர் வெளியேறினார். அவர் குறைவாகவே ஆடுவார் என்பதை வைத்து, அவரை அறிந்த வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் 80,000 டொலர் கூட்டுப் பந்தயம் கட்டியிருந்தார். பலித்திருந்தால் 11 லட்சம் டொலர். பந்தய நிறுவனம் சந்தேகப்பட்டு அதை நிறுத்தி வைத்தது. இன்னொருவர் கணக்கு வழியாக, தான் ஆடும் லீக்கான என்.பி.ஏ.யின் ஆட்டங்கள் மீது 13 முறை போர்ட்டரே பந்தயம் கட்டியதும் தெரியவந்தது. அவற்றுள் மூன்று கூட்டுப் பந்தயங்களில் ராப்டர்ஸ் தோற்கும் என்பதும் சேர்ந்திருந்தது. ஏப்ரல் 17 அன்று அவருக்கு வாழ்நாள் தடை. ஜூலையில் நியூயோர்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்: சூதாட்டக் கடனை அடைப்பதற்காகவே ஆட்டங்களிலிருந்து சீக்கிரம் வெளியேறினார். முதலில் பந்தயம், பிறகு கடன், கடைசியில் ஆட்டம். மூன்றாம் படியில் பிடிப்பதைவிட முதல் படியிலேயே தடுப்பது வீரருக்கும் நல்லது.

லீக்குகளின் கை சுத்தமா?

மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது. ஒரே ஆட்டத்தின் மீதான பந்தயத்தை அனுமதிக்க வேண்டாம் என்று முன்பு ஒட்டாவாவில் எதிர்த்தவர்கள் பெரிய லீக்குகளே. ஆனால் 2020 ஜூனில் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்., என்.பி.ஏ., கனடிய ஃபுட்பால் லீக் உள்ளிட்டவை கூட்டாக அதை ஆதரித்தன. இன்று பந்தய நிறுவனங்களின் பெயர்கள் ஹாக்கி அரங்கின் பலகைகளிலும் தொலைக்காட்சி இடைவேளைகளிலும் நிறைந்திருக்கின்றன. அந்தப் பலகையின் கீழே நின்று ஆடும் இருபது வயது இளைஞனிடம் ‘நீ மட்டும் தொடாதே’ என்பது இரட்டை வேடம் இல்லையா? குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து வீரரை விட்டுவிட வேண்டும் என்ற முடிவு வராது. லீக்கையும் கட்டுப்படுத்த வேண்டும் என்ற முடிவுதான் வரும். அது முடியாத காரியமும் அல்ல. ஒன்ராறியோ 2024 பெப்ரவரி 28 முதல் சூதாட்ட விளம்பரங்களில் விளையாட்டு வீரர்கள் தோன்றுவதைத் தடுத்தது. போர்ட்டர் விவகாரத்துக்குப் பிறகு, குறைந்த ஊதியத் தற்காலிக ஒப்பந்த வீரர்கள் ‘குறைவாக ஆடுவார்கள்’ என்ற பந்தயங்களை விற்பதில்லை என என்.பி.ஏ.யின் கூட்டாளி நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஒருவர் தனியாகக் கெடுக்கக்கூடிய பந்தயங்களைச் சந்தையிலிருந்தே எடுத்துவிடுவதுதான் சரியான வழி.

தண்டனைக்கும் அளவு வேண்டும்

கடைசி ஆட்சேபம் தண்டனையின் கடுமை பற்றியது. 1917இல் மொன்றியலில் பிறந்த என்.எச்.எல்.லின் வரலாறே இதற்குப் பாடம். 1946 ஜனவரியில் ரொறன்ரோ வீரர் பேப் பிராட் பந்தயம் கட்டியதற்காக இடைநிறுத்தப்பட்டார். தவறை ஒப்புக்கொண்டு, இனிச் செய்வதில்லை என்று வாக்குறுதி தந்ததும், ஒன்பது ஆட்டங்களோடு திரும்ப அழைக்கப்பட்டார். 1966இல் புகழ் மண்டபத்திலும் இடம்பெற்றார். ஆனால் பிராட்டின் இடைநிறுத்தத்துக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. டெட்ராய்ட் பொலிஸாரின் தொலைபேசி ஒட்டுக்கேட்பில் பில்லி டெய்லர், டான் காலிங்கர் இருவரின் பந்தயத் தொடர்பு வெளிப்பட்டது. 1948 மார்ச்சில், மொன்றியலில் இருந்து லீக்கை நடத்திய தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் இருவரையும் லீக்கிலிருந்து விலக்கி வைத்தார். அது வாழ்நாள் தடையாயிற்று. ஒரே ஆட்டத்தில் ஏழு கோல்களுக்கு உதவிச் சாதனை படைத்தவர் டெய்லர். காலிங்கருக்கு அப்போது வயது 22. ஆட்டம் எதுவும் விற்கப்பட்டதாகக் கண்டறியப்படவில்லை. 1970இல் தடை நீக்கப்பட்டபோது இருவரின் ஆட்டக் காலமும் முடிந்து போயிருந்தது.

ஒன்பது ஆட்டங்களுக்கும் 22 ஆண்டுகளுக்கும் இடையிலான இந்த இடைவெளி, தலைவரின் மனநிலையைப் பொறுத்து நீதி மாறியது என்ற எண்ணத்தையே தருகிறது. கடுமை மட்டுமே நியாயம் ஆகாது. முன்கூட்டியே எழுதி வைத்த படிநிலை வேண்டும். பேஸ்பாலில் அது நெடுங்காலமாக உண்டு: தனக்குத் தொடர்பில்லாத ஆட்டத்தின் மீது கட்டினால் ஓராண்டு, தொடர்புள்ள ஆட்டமானால் நிரந்தரம். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். 2023இல் இதே வழியில் திருத்தம் கொண்டுவந்தது: லீக் ஆட்டங்கள் மீது கட்டினால் குறைந்தது ஓராண்டு, சொந்த அணி மீதானால் குறைந்தது இரண்டாண்டு, ஆட்டத்தை விற்றால் நிரந்தரம். ஏறும் படிகள் தெரிந்தால்தான் வீரருக்கு எச்சரிக்கை. தவறியவர் ஒப்புக்கொண்டு திரும்ப ஒரு கதவும் திறந்திருக்கும். சூதாட்டம் பலருக்கு ஒரு நோயாகவும் இருப்பதால், தண்டனையோடு சிகிச்சையும் சேர வேண்டும்.

ஆகவே, கனடாவின் லீக்குகள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்: படிநிலைத் தண்டனையை எழுத்தில் வெளியிடுவது, விசாரணையின் காரணங்களைப் பொதுவில் வைப்பது, தனி வீரர் ஒருவரால் கெடுக்கக்கூடிய பந்தயங்களை விற்க மறுப்பது. மொன்றியலில் கிரிக்கெட், ஹாக்கி, கூடைப்பந்து என்று பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விதிகளைச் சொல்லித்தரும்போது இந்த ஒரு விதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நீ ஆடும் விளையாட்டின் மீது ஒரு டொலரும் கட்டாதே, உன் அணி வெல்லும் என்று எவ்வளவு உறுதியாக நம்பினாலும்.