உறையைச் செல்லே தின்னட்டும்

ஆஸ்பிரின் போன்ற சிறு மூலக்கூறுகள் செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாண்டிப் போய்விடும். மரபணுவை வெட்டும் காஸ்9 புரதத்தால் அது முடியாது. 1,368 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய உருப்படி அது. ஆர்.என்.ஏ.வும் அப்படித்தான், போதாக்குறைக்கு, ரத்தத்தில் உள்ள நொதிகள் வழியிலேயே அதைச் சிதைத்துவிடும். புதிய மருந்தைப் பற்றிய செய்திகளில் மருந்துக்குத்தான் தலைப்பு. அதைச் சுமந்துபோகும் உறைக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். சிக்கலில் பாதி உறையில்தான் இருக்கிறது.

உறை மக்கினால் போதும் என்று நினைப்பது எளிது. பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர் உடலின் ஈரத்தில் மெல்ல லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாக உடைகிறது. தானே கரையும் தையல் நூல்களில் சிலவும் இதே குடும்பம். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் லுப்ரான் டிப்போ ஊசி 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலுள்ள நுண்ணுருண்டைகளும் இந்த வகைப் பாலிமர்தான். ஆனால் அவை செல்லுக்கு வெளியே கிடந்தபடி மருந்தைக் கசியவிடுகின்றன. உள்ளே போய்த் திறக்க வேண்டிய உறையின் கணக்கு வேறு. அது வெளியே கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே போனதும் செல்லின் நொதிகளே அதைத் தின்றுவிட வேண்டும்.

அப்படியொரு உறை செய்யும் வழி விந்தையானது. கால்சியம் குளோரைடு கரைசலையும் சோடியம் கார்பனேட் கரைசலையும் சேர்த்து வேகமாகக் கலக்கினால், சில நொடிகளில் பால்போல் வெளுத்துச் சில மைக்ரான் அளவுள்ள சுண்ணாம்பு உருண்டைகள் பிறக்கின்றன. துளைகள் நிறைந்த அவற்றுக்குள் புரதம் ஏறிக்கொள்ளும். பிறகு நேர்மின்னேற்றமுள்ள பாலி ஆர்ஜினினில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், அடுத்து எதிர்மின்னேற்றமுள்ள டெக்ஸ்ட்ரான் சல்பேட்டில் ஊறவைத்துக் கழுவ வேண்டும், மீண்டும் முதலிலிருந்து. எதிரெதிர் மின்னேற்றம் ஒன்றையொன்று இழுப்பதால் அடுக்கடுக்காகச் சுவர் எழும்புகிறது. கடைசியில் ஈ.டி.டி.ஏ. ஊற்றினால் சுண்ணாம்பு கரைந்து, புரதம் நிரம்பிய கூடு மட்டும் மிஞ்சும். 1998-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் இந்த அடுக்கு முறையில் வெற்றுக்கூடுகளை முதலில் செய்தபோது, சுவர்கள் செல்லால் செரிக்க முடியாத செயற்கைப் பாலிமர்கள். பாலி ஆர்ஜினின் அமினோ அமிலச் சங்கிலி. அதை வெட்டும் நொதிகள் செல்லிடம் ஏற்கெனவே உள்ளன. இந்த மாற்றத்தைத்தான் நான் பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

எதிர்ப்புகள் வலுவானவை. செல் விழுங்கிய கூடு நேரே சைட்டோபிளாசத்துக்குப் போவதில்லை. சவ்வுப் பையொன்றில் அடைபட்டு, செரிக்கும் லைசோசோமை நோக்கித் தள்ளப்படுகிறது. சுவரைத் தின்னும் நொதிகள் சரக்கையும் தின்றுவிடலாம். ஆனாலும் ஒரு பகுதியாவது தப்புகிறது என்பதற்குச் சான்று உண்டு: 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய நுண்கூடுகளில் காஸ்9 அடங்கிய கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியை ஏற்றி, சிவப்பாக ஒளிரும் மனித செல்களில் அந்த ஒளிர்வுக்கான மரபணுவைத் திருத்திக் காட்டினர். வேலை நடக்கும் இடத்துக்குச் சரக்கு போய்ச் சேராமல் அது நடந்திருக்காது.

கொழுப்பு நானோதுகள்கள்தான் 2020-இலேயே கொரோனா தடுப்பூசியில் வென்றுவிட்டனவே, இது எதற்கு என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். மிக மெல்லிய ரத்தக்குழாயின் விட்டமே 5 முதல் 10 மைக்ரான். அதில் சில மைக்ரான் கூடுகளைத் திரளாக விட்டால் அடைத்துக்கொள்ளும். ரத்தவோட்டத்தில் இவை நானோதுகளோடு போட்டியிடும் என்று நான் சொல்லமாட்டேன். உடலுக்கு வெளியே செல்களைத் திருத்தும் சிகிச்சையில்தான் இவற்றுக்கு இடம் தெரிகிறது. அரிவாள் செல் சோகைக்கு 2023-இல் அனுமதி பெற்ற காஸ்ஜெவி சிகிச்சையில், நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, மின்னதிர்ச்சியால் சவ்வில் துளையிட்டு கிரிஸ்பரை ஏற்றுகிறார்கள். மின்னதிர்ச்சி தாங்காமல் சில செல்கள் சாவது வழக்கம். அதற்குப் பதில் கூடுகளைப் பயன்படுத்தலாம். அங்கே ரத்தக்குழாய் அடைப்பு என்ற பேச்சே இல்லை. கூடு தின்னப்பட்டதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிட்டே செல்லைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் மூலச்செல்கள் பெரிய துகள்களை எளிதில் விழுங்குபவை அல்ல. கூட்டை ஒரு மைக்ரானுக்குக் கீழே சுருக்கியாக வேண்டும். அந்த அளவில் ஒவ்வொரு கழுவலின்போதும் கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன.