பூர்வீகம்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டீக்கடை. ஆசிரமத்துக்கு வந்திருந்த கறுப்பினப் பெண் ஒருவரிடம் கடைக்காரர் கேட்டார்: “எந்த ஊரும்மா?”

“ஜெர்மனி.”

“அது சரி, பூர்வீகம்?”

நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் முகம் வாடிவிட்டது. “பிறந்தது ஹாம்பர்க். அங்கேயும் இதையேதான் கேட்கிறார்கள்” என்றார். நம் ஊரில் பூர்வீகம் கேட்பது உறவு கண்டுபிடிக்க. பல நேரம் சாதி கண்டுபிடிக்கவும்தான். அவருக்கோ அது, ‘நீ இந்த ஊர்க்காரி இல்லை’ என்று காதில் விழுகிறது.

ஜெர்மனியில் கறுப்பினத்தவர் இருப்பது புதிதல்ல. 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய தமிழ் அச்செழுத்துகளை வார்த்த ஊர், ஜெர்மனியின் ஹாலே. அதே ஹாலேயின் பல்கலைக்கழகத்தில் 1727இல் சேர்ந்தவர் ஆன்டன் வில்ஹெல்ம் ஆமோ. இன்றைய கானாவின் ஆக்ஸிம் பகுதியில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு ஜெர்மன் கோமகனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு குழந்தையை, பரிசாக! 1708இல் ஞானஸ்நானம் நடந்தது. ஆன்டன், வில்ஹெல்ம் இரண்டுமே அந்த அரண்மனைக்காரர்களின் பெயர்கள்.

அந்தப் பிள்ளை படித்தது, லத்தீனில் வாதிட்டது. 1729இல் ஹாலேயில் ஆமோ எடுத்துக்கொண்ட பொருள், ஐரோப்பாவில் கறுப்பின மக்களுக்குள்ள உரிமை. அந்த உரை இன்று கிடைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். 1734இல் விட்டன்பெர்க்கில், மனித மனத்தைப் பற்றி ஆய்வேடு தந்தார். பிறகு ஹாலேயிலும் யேனாவிலும் பாடம் நடத்தினார். தன் பெயரோடு ‘ஆஃபெர்’, அதாவது ஆப்பிரிக்கர், என்று சேர்த்தே எழுதினார். யாரும் கேட்குமுன் தன் பூர்வீகத்தைத் தானே தலை நிமிர்ந்து சொன்னவர் அவர். கடைசியில் கானாவுக்கே திரும்பினார். கல்லறை ஷாமாவில் இருக்கிறது.

இருநூறு ஆண்டு கழித்து, அதே ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகளுக்கு நேர்ந்ததை எழுதக் கை நடுங்குகிறது. முதல் உலகப் போருக்குப் பின் ரைன் பகுதியில் நிறுத்தப்பட்ட பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்க வீரர்களுக்கும் ஜெர்மன் பெண்களுக்கும் பிறந்தவர்கள். 1937இல் நாஜி அரசு அவர்களில் சுமார் 400 பேருக்கு ரகசியமாகக் கட்டாயக் கருத்தடை செய்தது.

தங்களுக்கென்று தாங்களே வைத்துக்கொண்ட ஒரு பெயர் ஜெர்மனியின் கறுப்பின மக்களுக்கு 1980களில்தான் அமைந்தது. 1984இல் அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் பெர்லினில் பாடம் நடத்த வந்தார். அவரைச் சுற்றிக் கூடிய இளம்பெண்கள் தங்களை ‘ஆப்ரோ ஜெர்மானியர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் கவிஞர் மே அயிம். அவரும் தோழியரும் தொகுத்த நூல் 1986இல் வந்தது. 1996இல், 36 வயதில், அவர் இறந்துபோனார். பெர்லினில் ஓர் ஆற்றங்கரைத் தெரு, கானாக் கரையில் அடிமை வாணிகத்துக்குக் கோட்டை எழுப்பிய க்ரோபென் பெயரைச் சுமந்திருந்தது. 2010இல் அதை எடுத்துவிட்டு மே அயிம் பெயரை வைத்தார்கள்.

அன்று டீக்கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைக்காரர் இன்னொரு டீ ஆற்றி நீட்டியபடி, “ஹாம்பர்க்குன்னா எப்டிம்மா இருக்கும்?” என்றார். அந்தப் பெண் எல்பே ஆற்றையும், துறைமுகத்தையும், பள்ளிக்கூடம் போன தெருவையும் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். டீ ஆறிப்போயிற்று.