கவருக்குள் மீன், கடலுக்குள் கவர்

பிளாஸ்டிக் பையைத் தடை செய்வது வீண் வேலை என்று வாதிடுபவர்கள் ஓர் எண்ணைத் தவறாமல் சொல்வார்கள்: 131. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில் வருவது அது. பருத்தி விளைவிக்கத் தேவைப்படும் தண்ணீர், உரம், நூற்பு, நெசவு, போக்குவரத்து என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார்கள். புவி வெப்பமாதல் என்ற ஓர் அளவுகோலில் மட்டும், ஒரு துணிப்பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது சமமாகிறது என்று முடிவு வந்தது. 2018-இல் டென்மார்க் அரசு செய்த ஆய்வில், காலநிலையை மட்டும் பார்த்தால் 52 முறை போதும். ஓசோன் படலச் சிதைவு முதலான எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் அது 7,100 முறையாக ஏறியது.

இந்தக் கணக்குகளைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. துணிப்பையை வாங்கி வாங்கி வீட்டில் குவிப்பதும் கேடுதான். வாரம் இரண்டு தடவை சந்தைக்கு ஒரே மஞ்சப்பையை எடுத்துப் போகும் குடும்பம் ஒன்றரை வருடத்துக்குள் 131-ஐத் தாண்டிவிடும். எனவே அந்த எண்ணைக் கண்டு மிரள வேண்டியதும் இல்லை. நான் பெரிதாக எடுத்துக்கொள்வது வேறொன்றை. தூக்கி எறிந்த பை கடலில் என்ன செய்யும் என்பது இரண்டு ஆய்வுகளின் கணக்கிலும் கிடையாது. பை குப்பைத் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து எரியுலைக்கோ கிடங்குக்கோ ஒழுங்காகப் போய்ச் சேரும் என்பது அவற்றின் எடுகோள். இராமநாதபுரத்தில் பை போகும் வழி அதுவல்ல.

இங்கே முதலில் அது சீமைக் கருவேலத்தில் போய் மாட்டும். மாவட்டத்தில் எந்தச் சாலையில் போனாலும் கோடைக்காற்றில் முள்ளுக்கு முள் வெள்ளையும் கறுப்புமாகக் கவர் கிழிசல்கள் படபடப்பதைப் பார்க்கலாம். வெயிலில் காய்ந்து நைந்த துண்டுகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடைக்கும் கண்மாய்க்கும் இறங்கும். வைகையும் தன் பங்குக்குக் கொண்டுவரும். தேனி, மதுரை, சிவகங்கை என்று ஊர்களைக் கடந்து வரும் அந்த ஆறு இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சத்தை ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் பாக் விரிகுடாவில் விடுகிறது. மதுரைக் கடைவீதியில் வாங்கிய கவர் கடலைப் பார்க்க இந்த ஒரு வழி போதும்.

கடலுக்குள் வந்தபிறகு அது ஒரே இடத்தில் கிடப்பதில்லை. இராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் போகும். கச்சான் அடிக்கும் மாதங்களில் திசை திரும்பும். மிதக்கிற குப்பையும் கூடவே போய்த் திரும்பும். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பவர்கள் மடியை அவிழ்க்கும்போது நின்று பாருங்கள். சூடை, காரல், சின்னக் கணவாய், அவற்றோடு பின்னிக் கிடக்கும் கவர்கள். மீனைக் கூடையில் போட்டபின் கவர்களை உதறி மணலிலேயே விட்டுவிடுவார்கள். அடுத்த அலை அவற்றை எடுத்துப் போய்விடும்.

அப்படிக் கிடந்த ஒரு பையை எடுத்து விரித்துப் பார்த்தேன். கடையின் பெயர் அழிந்து எழுத்தின் நிழல் மட்டும் மிச்சம். ஒரு பக்கம் விரலில் வழுவழுவென்று ஒட்டும் பழுப்புப் படலம். கைப்பிடி முடிச்சின் இடுக்கில் மிளகளவு கொட்டலசுகள். வெயில் பட்ட ஓரத்தைத் தேய்த்ததும் செதில் செதிலாக உதிர்ந்தது. பாலித்தீன் கடலில் என்ன ஆகிறது என்பதற்கான பாடம் முழுவதும் அந்த ஒரு பையிலேயே இருந்தது.

கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலிதான் பாலித்தீன். 1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அதைக் கைப்பிடியோடு கூடிய பையாக மாற்றியவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் தூலின். அமெரிக்காவில் 1965-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரம் வெட்டுவதைத் தவிர்க்கலாம் என்பது அவர் எண்ணம். தன் சட்டைப்பையில் ஒன்றை மடித்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்று அவர் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் பாலித்தீன் மிதக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலியை அங்கங்கே அறுக்கும்; பை நொறுங்கும், மட்காது. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறோம். கரை மணலில் வெயிலில் கிடக்கும் பை சீக்கிரம் நொறுங்கும். கடல்நீரிலோ குளிர்ச்சியாலும், மேலே படரும் நுண்ணுயிர்ப் படலம் வெயிலை மறைப்பதாலும் அது நெடுங்காலம் முழுப் பையாகவே சுற்றும். பிறகு பாசியும் கொட்டலசும் ஏறி எடை கூடி, கடல்புல் மீதோ பவளப்பாறை மீதோ அமிழும்.

அந்த வழுவழுப்பான படலம் ஆமைகளுக்கு எமன். வெள்ளைப் பையைச் சொறிமீன் என்று நினைத்து ஆமை விழுங்குகிறது என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தோம். அது பாதிக் கதை. பெருந்தலை ஆமைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. கடலில் ஊறிப் பாசிபடிந்த பிளாஸ்டிக்கின் வாடையைக் காற்றில் காட்டியபோது, இரையின் வாடைக்கு எப்படி மூக்கை நீட்டுமோ அப்படியே நீட்டின. புதுப் பிளாஸ்டிக்கை அவை சட்டை செய்யவில்லை. கடலில் ஊற ஊறத்தான் பை ‘உணவு’ ஆகிறது. விழுங்கிவிட்டால் துப்பவும் முடியாது. ஆமையின் உணவுக்குழாய் முழுக்க உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. கடல்நீரை வெளியேற்றி இரையை மட்டும் நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. கவரும் அதில் சிக்கி உள்ளேதான் போகும். மன்னார் வளைகுடாவில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை உட்பட ஐந்து வகைக் கடலாமைகள் பதிவாகியிருக்கின்றன.

பவளப்பாறைக்கு வேறு மாதிரித் தீங்கு. ஆசிய பசிபிக் பகுதியில் 159 பாறைகளில் ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் பவளங்களைச் சோதித்து 2018-இல் ஓர் ஆய்வுக்குழு அறிக்கை தந்தது. பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம், பட்டதற்கு 89. உரசலில் ஏற்படும் புண் வழியே கிருமி நுழைகிறது. மேலே போர்த்திய தாள் வெளிச்சத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கிறது. நம் கடல் அந்த ஆய்வில் இல்லை. ஆனால் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளை 1986-லேயே கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தோம். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் வெப்பத்தில் வெளிறித் தப்பிய பவளத்துக்கு இன்னொரு சுமையைத் தாங்கும் தெம்பு இல்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாப் பாறைகளில் சிக்கியிருக்கும் குப்பையில் முதலிடம் கைவிடப்பட்ட மீன்வலைகளுக்குத்தான், கவருக்கு அல்ல. கவரை ஒழித்துவிட்டால் கடல் சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலைக்குத் தனி வழி தேட வேண்டும். அதற்காகக் கவரை விட்டுவைக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசின் விதிகள் பையின் தடிமனைப் பிடித்துக்கொண்டு வந்தன. 1999-இல் 20 மைக்ரான், 2011-இல் 40, 2016-இல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் இறுதியிலிருந்து 120. தமிழ்நாடு இந்த மைக்ரான் கணக்கைக் கைவிட்டது. 2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து எந்தத் தடிமனாக இருந்தாலும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை விதித்தது. துணி போலவே தோன்றும் நெய்யாத பைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அவை பாலிபுரோப்பிலீன், இழையைப் பிரித்துக் கொளுத்தினால் சாம்பலாகாமல் உருகி மணியாகத் திரளும். உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. கொரோனாக் காலத்தில் பிடி தளர்ந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது.

இத்தனைக்கும் பிறகு பாம்பன் சாலையோரம் மீன் வாங்கினால் கவரில்தான் வருகிறது. ஏன் என்று மீன் விற்கும் அக்காவிடம் கேட்டேன்.

“மஞ்சப்பை நல்லதுதான்ப்பா. அதுல நகரையப் போட்டுக் குடுத்தா மண்டபம் போறதுக்குள்ள மீன் தண்ணி பக்கத்து ஆளு வேட்டியில வடியும். அப்புறம் பஸ்ஸுல ஏத்துவாகளா?”

“வீட்டிலிருந்து சட்டி கொண்டுவந்தால் போட்டுத் தருவீர்களா அக்கா?”

“தருவேன். யாரு கொண்டாராக? கவரு இல்லைன்னா அடுத்த கடைக்குப் போயிருவாக. கவருக்குக் காசு நான் போடுறேன், அபராதம்னு வந்தாலும் நான்தான் கட்டணும்.”

தடை விவாதத்தில் நாம் தவறவிட்ட இடம் இதுதான்: ஈரம். அரிசிக்கும் பருப்புக்கும் மஞ்சப்பை போதும். மீன், இறைச்சி, இட்லி மாவு, பார்சல் சாம்பார், தண்ணீர் தெளித்த பூ, இவற்றுக்குத் துணி உதவாது. இராமேஸ்வரத்தில் ஈரம் இன்னும் அதிகம். அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடி வரும் யாத்திரிகர் நனைந்த வேட்டி சேலையை எதில் போட்டு ஊருக்கு எடுத்துப் போவார்? ஒரு கவரில்தான். அந்தத் தேவைக்குப் பதில் சொல்லாத தடை எத்தனை ஆண்டு ஓடினாலும் கவரைக் கடைக்கு அடியில் ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

“மட்கும் பை” பதிலாகாது. பிரிட்டனில் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் போட்டு வைத்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். உயிரிச்சிதைவு அடையும் என்று அச்சிட்ட பை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் கடைச் சாமானைத் தாங்கியது.

இங்கே ஈரத்துக்குப் பதில் முன்பு இருந்தது. பனை ஓலையில் முடைந்த பறியில்தான் மீன் வந்தது. பதநீரையே ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்த மாவட்டம் இது. சாயல்குடி, திருப்புல்லாணிப் பக்கம் பனை இன்னும் நிற்கிறது. ஓலை முடையத் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள். பறியின் அடியில் ஓலையை இரட்டையாக வைத்து முடைந்தால், பேருந்தில் மண்டபம் வரை போகிற நேரத்துக்கு மீன் தண்ணீரைத் தாங்கும். ஒரு ரூபாய்கூடப் பெறாத கவரோடு விலையில் அது போட்டியிட முடியாது என்பதுதான் சிக்கல்.

விலையை மாற்றினால் மனிதர்கள் மாறுவார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அயர்லாந்து 2002 மார்ச்சில் பைக்கு 15 சென்ட் வரி போட்டது. பை பயன்பாடு தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அமெரிக்கக் கரைகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய குப்பைக் கணக்குகளை ஆராய்ந்த அன்னா பாப், கிம்பர்லி ஓரிமஸ் இருவரின் ஆய்வு 2025-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தடையோ கட்டணமோ உள்ள இடங்களில், மொத்தக் குப்பையில் பைகளின் பங்கு மற்ற இடங்களோடு ஒப்பிடுகையில் 25 முதல் 47 சதவீதம் குறைந்திருந்தது. மெல்லிய பையை மட்டும் தடுத்துத் தடித்ததை அனுமதித்த அரைகுறைத் தடைகளுக்குப் பலன் மிகக் குறைவு. மைக்ரான் கணக்கைத் தமிழ்நாடு கைவிட்டது சரி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 

இராமேஸ்வரம் ஒரு தீவு. சாலை வழியாக எது வந்தாலும் 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். மூட்டை மூட்டையாகக் கவர் வரும் சரக்கு வண்டியைப் பாலத்தின் மண்டபம் முனையில் நிறுத்திப் பார்ப்பது, தீவு முழுக்கச் சிறு கடைக்காரர்களைத் துரத்துவதைவிட எளிது, நியாயமும்கூட. அபராதம் மொத்த வியாபாரியிடம் போகட்டும், கூடைக்காரரிடம் வேண்டாம். அதே முனையிலும், அக்னி தீர்த்தக் கரையிலும், பாம்பன் மீன் கடைகளிலும் ஓலைப் பறியும் கழுவிப் பயன்படுத்தும் தூக்குவாளியும் முன்பணத்துக்குக் கிடைக்கட்டும். திருப்பித் தந்தால் பணம் திரும்பும். கடைசியாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடமாக இராமேஸ்வரம் ரயில் நிலையத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பறிக்கும் கவருக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை யார் கொடுப்பது என்ற கேள்வி மிஞ்சுகிறது. பிளாஸ்டிக்கில் பொட்டலம் போட்டு விற்கும் நிறுவனங்களே அந்தக் குப்பைக்குப் பொறுப்பு என்று மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு பணமாக இந்தக் கரைக்கு வர வேண்டும். பாம்பனில் பறி வைத்து மீன் விற்கும் பெண்ணுக்கும், சாயல்குடியில் அந்தப் பறியை முடையும் பெண்ணுக்கும் அது நேரே போய்ச் சேர வேண்டும்.