கட்டம் கட்டமாக ஒரு முகம்

அமெரிக்க ஓவியர் சக் குளோஸைப் (1940–2021) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1988 டிசம்பர் 7-இல்தான் தொடங்குகிறார்கள். அன்று முதுகுத்தண்டின் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு அவருடைய கைகால்கள் செயலிழந்தன. பிறகு கையில் தூரிகையைப் பட்டையால் கட்டிக்கொண்டு வரைந்தார். அசல் போட்டோ போலிருந்த அவர் ஓவியங்கள் வண்ணப் புள்ளிகளாகச் சிதறியது அந்த நோயால்தான் என்கிறார்கள். உருக்கமான கதை, ஆனால் தேதிகள் இடிக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘லூகஸ்’ 1986–87-இல் வரைந்தது. அதிலேயே முகம் புள்ளிகளாகவும் தீற்றல்களாகவும் உடைந்துதான் கிடக்கிறது.

அந்த உடைப்பு அவருடைய செய்முறையிலேயே இருந்தது. முதலில் முகத்தைப் போட்டோ எடுப்பார். படத்தின்மேல் கட்டங்கள் போடுவார். பெரிய கான்வாஸிலும் அதே கணக்கில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றாக நிரப்புவார். சுவரோவியர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட உத்திதான். ஏறத்தாழ 9 அடி உயரமுள்ள ‘பெரிய சுய உருவப்படம்’ (1967–68) கறுப்பு அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து, ஏர்பிரஷால் தெளித்து உருவானது. வெளிச்சம் விழும் இடங்களைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். ‘மார்க்’ (1978–79) ஓவியத்தில் அச்சகத்தில் செய்வதுபோல மஜெந்தா, சயான், மஞ்சள் மூன்றையும் அடுக்கடுக்காக ஏற்றினார். அதற்கு 14 மாதம் பிடித்தது. பிற்காலத்தில் கட்டங்களை மறைக்காமல் வெளியே தெரியவிட்டார். அவ்வளவுதான் மாற்றம்.

போட்டோவைப் பார்த்து வரைவதில் என்ன கலை என்று கேட்கலாம். கேமரா ஒரு நொடியில் முடிப்பதை மாதக்கணக்கில் இழுப்பது வெறும் உழைப்புதானே? நகலெடுப்பதே நோக்கமாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி நியாயம். குளோஸுக்கோ முகங்களை அடையாளம் கண்டுகொள்ள முடியாத குறைபாடு இருந்தது. நேரில் ஆள் தலையைச் சற்றே திருப்பினாலும் அவருக்கு அது புது முகம். தட்டையான படமாகிவிட்டால் மனதில் தங்கும். மற்றவர்கள் ஒரே பார்வையில் முழுசாக அள்ளிக்கொள்வதை அவர் துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டியிருந்தது. பிந்தைய ஓவியம் ஒன்றின் அருகே போனால், நீலக் கட்டத்துக்குள் ஆரஞ்சு வளையம், அதற்குள் இளஞ்சிவப்புப் பொட்டு. முகத்தின் சாயலே இல்லை. பத்தடி பின்வாங்கினால் அதுவே கன்னத்தின் மேடாகிவிடுகிறது. அந்த இணைப்பைச் செய்வது பார்ப்பவரின் மூளை. கேமரா இந்த வேலையை யாரிடமும் கேட்பதில்லை.

சக்கர நாற்காலிக்கு வந்தபோது அவர் புதிய பாணியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கட்டம் என்று வேலை முன்பே பகுக்கப்பட்டிருந்தது. தோளும் முன்கையும் எட்டும் அளவுக்கு.